பத்து டாலரில் பறிபோகும் பெயர்கள்

1999 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ஹாட்மெயில் பயன்படுத்திய பலரால் தங்கள் அஞ்சல்பெட்டியைத் திறக்க முடியவில்லை. சர்வர்களில் பழுதில்லை, யாரும் ஊடுருவவும் இல்லை. நுழைபவரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்க ஹாட்மெயில் நம்பியிருந்தது பாஸ்போர்ட்.காம் என்ற முகவரியை. அந்தப் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய 35 டாலரை மைக்ரோசாஃப்ட் கட்டவில்லை. அன்று பங்குச்சந்தை மதிப்பில் உலகிலேயே முதலிடத்தில் இருந்த நிறுவனம் அது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த லினக்ஸ் நிரலாளர் ஒருவர் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, தன் சொந்த கிரெடிட் கார்டிலிருந்து அந்தப் பணத்தைக் கட்டினார். ஹாட்மெயில் மீண்டும் திறந்தது. மைக்ரோசாஃப்ட் அவருக்கு நன்றி சொல்லி 500 டாலருக்குக் காசோலை அனுப்பியது. ஆனால் பாடம் பதியவில்லை. 2003-இல் ஹாட்மெயில்.கோ.யூகே என்ற பெயரையும் அதே நிறுவனம் தவறவிட்டது.

இணைய முகவரியான டொமைன் பெயர் யாருக்கும் சாசுவதமாகக் கிடைப்பதில்லை. டாட் காம் பெயரென்றால் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம், அதற்கு மேல் முடியாது. அந்தப் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். நாம் பணம் கட்டுவது ரெஜிஸ்ட்ரார் எனப்படும் பதிவு நிறுவனத்திடம். அதிலிருந்து பெயருக்கு ஆண்டுக்கு 10.26 டாலர் வெரிசைனுக்குப் போகிறது என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. தொடக்கத்தில் இதுவும் கிடையாது. 1995 செப்டம்பர் வரை பெயர்ப் பதிவு இலவசம். அதன்பிறகே இரண்டாண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. இன்னொரு பக்கம், வாய்ஸ்.காம் என்ற ஒற்றைப் பெயர் 2019-இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. கோடிகளில் விலைபோகக்கூடிய சொத்தைக் காக்க ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் போதும். அப்படியிருந்தும் மதிப்புள்ள பெயர்கள் ஏன் நழுவுகின்றன?

தொகை சிறியது என்பதாலேயே நழுவுகின்றன என்பது என் முடிவு. ஐம்பது லட்ச ரூபாய்க்கு ஒரு பில் வந்தால் அதற்குக் கோப்பு உண்டு, கையெழுத்திட அதிகாரி உண்டு, கேள்வி கேட்கத் தணிக்கையாளர் உண்டு. ஆயிரம் ரூபாய் பில்லுக்கு இவர்களில் ஒருவரும் கிடையாது. நிறுவனம் தொடங்கியபோது கணினிப் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் கார்டிலேயே பணம் கட்டிப் பதிவு செய்திருப்பார். அல்லது இணையதளம் வடிவமைத்துக் கொடுத்த ஏஜென்சி தன் கணக்கிலேயே போட்டு வைத்திருக்கும். இளைஞர் வேறு வேலைக்குப் போவார், ஏஜென்சி மூடப்படும். பெயர் மட்டும் அவர்களுடைய கணக்கில் கிடக்கும். நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் மேசை நாற்காலிகூட இடம்பிடித்திருக்கும். டொமைன் பெயரை எழுத யாருக்கும் தோன்றியிருக்காது.

முன்னறிவிப்பு வருவதில்லை என்று சொல்ல முடியாது. இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும். அப்படியும் புதுப்பிக்காவிட்டால் நாள் கடந்த ஐந்து நாளுக்குள் மூன்றாவது அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன்பின் அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம் உண்டு. பெயரை அழிக்க அனுப்பிய பிறகும், கூடுதல் கட்டணத்தோடு மீட்டுக்கொள்ள 30 நாள் தருகிறார்கள். கடைசி 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது; பிறகு பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். இடையில் இணையதளத்தைச் சில நாட்களுக்கு வேண்டுமென்றே நிறுத்தி வைக்கவும் விதியிருக்கிறது. அறிவிப்பைப் படிக்காதவர் தளம் இயங்காததையாவது கவனிக்கட்டும் என்பதற்காக.

இத்தனை வேலி இருந்தும் பயிர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அறிவிப்பு போய்ச்சேரும் முகவரிதான். வேலையை விட்டுப் போனவரின் அஞ்சல்பெட்டிக்குப் போகும், அல்லது அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலுக்கே போகும். பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும் என்பதால் அவசியமான கடைசி அறிவிப்பு வந்து சேராது. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் மின்னஞ்சல் 2004 பிப்ரவரியில் ஸ்தம்பித்தது வாஷ்போஸ்ட்.காம் என்ற பெயரைப் புதுப்பிக்காததால்தான். டல்லஸ் கௌபாய்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தளம் 2010 நவம்பரில், பயிற்சியாளர் நீக்கப்பட்டு ரசிகர்கள் செய்தி தேடிய அதே நாளில் காலாவதியாகி நின்றது. 2017 ஜூலையில் மார்க்கெட்டோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பெயர் காலாவதியானது. மற்ற நிறுவனங்களின் விளம்பர மின்னஞ்சல்களை இயக்குவதே அதன் தொழில். அங்கேயும் வாடிக்கையாளர் ஒருவர்தான் பார்த்துப் பணம் கட்டினார்.

பத்தாண்டுக்கு ஒரேயடியாகக் கட்டிவிட்டால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆண்டுதோறும் புதுப்பிப்பவருக்கு அந்த வேலை பழக்கத்தில் இருக்கும். பத்தாண்டுக்கு முன் கட்டியவரின் கார்டு, கைபேசி எண், அலுவலகம், ஏன் நிறுவனத்தின் பெயர்கூட அதற்குள் மாறியிருக்கும்.

மறதி ஒரு வகைதான். தெரிந்தே விடப்படும் பெயர்களும் ஏராளம். டாட் காம், டாட் நெட் பெயர்களில் தோராயமாக நான்கில் மூன்றுதான் புதுப்பிக்கப்படுகின்றன. மீதியில் பெரும்பகுதி யாருக்கும் பயன்படாதவை என்பது உண்மை. ஆனால் விற்பதற்காகவே ஆயிரக்கணக்கில் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கும் முதலீட்டாளர்களும் கைவிடுகிறார்கள். ஒருவரிடம் 5,000 டாட் காம் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெரிசைனுக்குப் போகும் பங்கை மட்டும் கணக்கிட்டாலே ஆண்டுக்கு 51,300 டாலர். வாங்க ஆள் வருவது அவற்றில் மிகச் சில பெயர்களுக்குத்தான், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கிறார்கள். நாளை எந்தத் தொழில் எழும், எந்தச் சொல்லுக்குக் கிராக்கி வரும் என்பது யாருக்கும் தெரியாத நிலையில் நல்ல பெயர்களும் அந்தக் கழிவில் போய்விடும். இது கவனக்குறைவு ஆகாது, நியாயமான கணக்குதான்.

மூன்றாவது வகைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. "இந்தப் பெயரால் இனி நமக்குப் பயனில்லை" என்று முழு மனதோடு விடப்படுபவை அவை. ஹெய்ன்ஸ் நிறுவனம் ஜெர்மனியில் 2012 முதல் 2014 வரை ஒரு போட்டி நடத்தியது. தக்காளி கெச்சப் பாட்டிலுக்கு வாடிக்கையாளரே லேபிள் வடிவமைக்கலாம். அதற்கென்று ஒரு டொமைன், பாட்டிலில் ஒரு கியூஆர் குறியீடு. போட்டி முடிந்தது, டொமைனை விட்டுவிட்டார்கள். ஆபாசத் தளம் நடத்தும் நிறுவனம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. 2015-இல் சாப்பாட்டு மேசையில் இருந்த பாட்டிலின் குறியீட்டைக் கைபேசியில் பார்த்த ஒருவர் நேரே அந்தத் தளத்தில் போய் நின்றார். ஹெய்ன்ஸ் மன்னிப்புக் கேட்டது.

உரிமையாளரின் கணக்கில் போட்டி முடிந்த அன்றே அந்தப் பெயர் செத்துவிட்டது. வீட்டு அலமாரியில் பாட்டில் மட்டும் இருந்தது. மதிப்புள்ள பெயர்களை உரிமையாளர்கள் விட்டுவிடுவதற்கு ஆழமான காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு டொமைன் பெயரின் மதிப்பு உரிமையாளரின் கையில் இருப்பதில்லை. அதை நம்பிப் பழகிய மற்றவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. யாரோ எழுதிய கட்டுரையில் இருக்கும் இணைப்பு, யாருடைய முகவரிப் புத்தகத்திலோ உள்ள மின்னஞ்சல், எங்கோ ஓடும் மென்பொருளின் நிரலில் எழுதப்பட்ட ஒரு வரி. உரிமையாளர் வெளியேறும்போது இவற்றில் ஒன்றுகூட அவர் கண்ணில் படாது. வாடகை வீட்டைக் காலி செய்து போனபின் பழைய விலாசத்துக்கே கடிதம் வந்துகொண்டிருப்பதைப் போன்ற நிலைமை இது. புதிதாகக் குடிவந்தவர் அவற்றைப் பிரித்துப் படித்தால் தடுக்க ஆளில்லை. ஆஸ்திரேலியாவில் 2018-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், பெயர் மாறிய அல்லது வேறு நிறுவனத்தோடு இணைந்துவிட்ட வழக்கறிஞர் அலுவலகங்கள் கைவிட்ட டொமைன்களை எடுத்துப் பார்த்தார். கட்சிக்காரர்களின் அந்தரங்க ஆவணங்கள் அவருக்கு வரத் தொடங்கின.

மென்பொருள் உலகில் இது இன்னும் கூர்மையான ஆபத்து. பைத்தான் மொழி நிரலாளர்கள் ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் இடம் பைபிஐ. 2022 மே மாதம் அங்கே 'சிடிஎக்ஸ்' என்ற தொகுப்பு களவாடப்பட்டது. அதை எழுதியவர் தன் மின்னஞ்சலுக்கு வைத்திருந்த சொந்த டொமைன் காலாவதியாகியிருந்தது. திருடியவர் அதைப் பதிவு செய்தார், "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று விண்ணப்பித்தார். புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு அவர் கைக்கே வந்தது. பிறகு பயனர்களின் ரகசியச் சாவிகளைத் திருடும் நிரலை ஏற்றினார். ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியமான என்பிஎம்-ஐ மைக்ரோசாஃப்டும் நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தபோது, 2,818 பராமரிப்பாளர்களின் மின்னஞ்சல்கள் காலாவதியான டொமைன்களில் இருப்பது தெரிந்தது. அவர்கள் வழியே 8,494 தொகுப்புகளைக் கைப்பற்றியிருக்கலாம். பைபிஐ இப்போது காலாவதியாகும் டொமைன்களைத் தானே கண்காணிக்கிறது. 2025 ஜூன் முதல் சில மாதங்களில் மட்டும் 1,800-க்கும் அதிகமான மின்னஞ்சல்களைச் சரிபார்க்கப்படாதவை என்று ஒதுக்கியது.

எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி 2024 செப்டம்பரில் வந்தது. டாட் மொபி பெயர்களின் உரிமையாளர் யார் என்று சொல்லும் 'ஹூயிஸ்' சர்வர் ஒரு காலத்தில் ஒரு முகவரியில் இருந்தது, பிறகு வேறு முகவரிக்கு மாறியது. பழைய முகவரியைத் தாங்கிய டொமைன் 2023 டிசம்பரில் கைவிடப்பட்டது. வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 20 டாலருக்கு அதைப் பதிவு செய்து ஒரு சர்வரை வைத்தார்கள். சில நாட்களில் 1,35,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அந்தப் பழைய முகவரியிடம் வந்து கேள்வி கேட்டன, மொத்தம் 25 லட்சம் கேள்விகள். அரசு, ராணுவ மின்னஞ்சல் சர்வர்களும் அவற்றில் அடக்கம். இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் வந்தன என்பதுதான் திகில். ஒரு பெயரின் உரிமையாளர் யார் என்று ஆய்வாளர்களின் சர்வரையே கேட்டு, அது சொல்லும் மின்னஞ்சலுக்குச் சரிபார்ப்புக் கடிதம் அனுப்ப அவை தயாராக இருந்தன. மைக்ரோசாஃப்ட்.மொபி பெயருக்கு இது நடக்கும் என்று காட்டிவிட்டு, சான்றிதழ் பெறாமல் நிறுத்திக்கொண்டார்கள். ஹூயிஸ் வழியே உரிமையைச் சரிபார்க்கும் முறையைச் சான்றிதழ்த் துறை அதன்பின் கைவிட்டது.

உரிமையாளருக்குத் தெரியாத இந்த மதிப்பை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். விடப்படும் பெயரை அது விழும் கணத்திலேயே பிடிப்பது தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. 2017-இல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான ஆய்வு, அழிக்கப்படும் டாட் காம் பெயர்களில் 10 விழுக்காடு அதே நாளில் மறுபதிவாகின்றன என்று கண்டது. டாட் ஆர்க் பெயர்களில் அழிப்பு நாளன்று நடக்கும் மறுபதிவுகளில் பாதிக்கு மேல் வெறும் 30 நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஐகேன் அங்கீகரித்த பதிவு நிறுவனங்களில் முக்கால்வாசிக்கு மேல் இந்தப் பிடிப்பவர்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஒரே நேரத்தில் அதிக முறை முயன்று பார்க்க அதிக அங்கீகாரங்கள் தேவை என்பதால் அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவிக்கிறார்கள்.

பதிவு நிறுவனங்கள் சில, பெயரைப் பொதுவெளிக்கு விடாமல் தாங்களே ஏலம் போட்டுவிடுகின்றன. வாடிக்கையாளர் மறந்தால் லாபம் என்ற நிலையில் இருப்பவரிடமே அவருக்கு நினைவூட்டும் பொறுப்பும் இருக்கிறது. இது முறையற்ற ஏற்பாடு. ஐகேன் இதை மாற்ற வேண்டும்.

பிடித்த பெயர்களை என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் பழைய நற்பெயரை விற்கிறார்கள். 'தி ஹேர்பின்' பெண்களுக்காக நடந்த அருமையான அமெரிக்க இணைய இதழ், 2018-இல் நின்றுபோனது. அதன் டொமைன் விடப்பட்டபின் வேறொருவர் எடுத்து, செயற்கை நுண்ணறிவு எழுதித்தள்ளிய கட்டுரைகளால் நிரப்பினார். பழைய வாசகர்களின் இணைப்புகள் அந்தக் குப்பைக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தன. காலாவதியான டொமைன்களை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் முறைகேடாக அறிவித்தது.

உங்களிடமோ உங்கள் கடை, பள்ளி, சங்கம், பதிப்பகத்திடமோ ஒரு டொமைன் இருந்தால் அதன் காலாவதி நாளை இன்றே பாருங்கள். ஐகேனின் தளத்திலேயே தேடலாம். பதிவில் இருப்பது யாருடைய மின்னஞ்சல், அவர் இன்னும் உங்களோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். அந்த மின்னஞ்சல் வேறொரு டொமைனில் இருக்கட்டும், கணக்கின் விவரம் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் உடனே விட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கிய வங்கி, சமூக ஊடகக் கணக்குகளை எல்லாம் முதலில் வேறு மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். அச்சிட்ட நோட்டீஸ்களிலும் விசிட்டிங் கார்டுகளிலும் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறதா என்று விசாரியுங்கள். அதன்பிறகும் சில ஆண்டுகளுக்குப் பணம் கட்டி வைத்திருங்கள். மின்னஞ்சலுக்குப் பயன்பட்ட பெயரென்றால் ஒருபோதும் விடாதீர்கள்.