மூன்று வார ஊதா, ஓராண்டு உழைப்பு

ஜூலை மாதத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குச் சுற்றுலா போய்வந்த உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவருடைய கைப்பேசியில் நிச்சயம் ஒரு படம் இருக்கும்: மலைச்சரிவில் வரிவரியாக ஊதா நிறம், பின்னால் நீல மலைகள், முன்னால் ஐஸ்கிரீமுடன் சிரிக்கும் அவர். ஃபுரானோ என்ற ஊரின் லாவெண்டர் வயல்கள் அவை. அந்த ஊதா நிறம் அதன் உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய மூன்று வாரம்தான். மீதி 49 வாரங்களில் அந்த வயலில் என்ன நடக்கிறது?

அங்கே உங்களுக்கு ஓர் ஏக்கர் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர், செடிக்குச் செடி அரை மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு செடிக்கு 0.6 சதுர மீட்டர் தேவை. வகுத்துப் பாருங்கள், சுமார் 6,700 செடிகள் வரும். பாதை, கொட்டகை, வண்டி திருப்பும் இடம் எல்லாம் போக 6,000 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 6,000 செடிகளையும் ஆண்டு முழுவதும் காப்பாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு.

பனி என்னும் போர்வை

குளிர்காலத்திலிருந்தே தொடங்குவோம். ஃபுரானோ நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. கடுங்குளிர் நாள்களில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கிவிடும். லாவெண்டரோ மத்தியதரைக் கடல் பகுதியின் வறண்ட மலைச்சரிவுகளில் பிறந்த செடி. அவ்வளவு குளிரில் அது எப்படிப் பிழைக்கிறது?

பனிதான் அதைக் காப்பாற்றுகிறது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். பனித்துகள்களுக்கு இடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் குளிர்பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரை செய்யும் அதே வேலையை இங்கே பனி செய்கிறது. மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும், கனத்த பனிக்கு அடியில் மண்ணின் வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே நிற்கும். செடி உறங்குகிறது. அதனால் இந்த ஊர் விவசாயி பனி கொட்டினால் கவலைப்படுவதில்லை. பனி விழாமல் வெறும் குளிர்க்காற்று மட்டும் வீசினால்தான் அவருக்குத் தூக்கம் வராது.

பனிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் பாரம் கிளைகளை நடுவில் பிளந்துவிடும். இதற்கான ஏற்பாட்டை இலையுதிர் காலத்திலேயே செய்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

கருப்புத் தூள் தூவும் வசந்தம்

மார்ச் மாதத்தில் அந்தப் பக்கம் போனால் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். வெள்ளை வெளேரென்ற வயல்களில் கருப்புக் கோடுகள்! விவசாயிகள் பனியின் மேல் கரித்தூளையோ சாம்பலையோ தூவியிருப்பார்கள். வெள்ளைப் பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கருப்பு நிறம் ஒளியை உட்கிரகித்துச் சூடாகும், பனி சீக்கிரம் உருகும். கோடைக்காலம் குறுகிய ஊரில் ஒரு வாரம் முன்னதாக மண் தெரிந்தாலும் அது லாபம்தான். வெயிலில் கருப்புச் சட்டை போட்டு நடந்தவர்களுக்கு இந்த அறிவியலை விளக்கவே வேண்டாம்.

பனி உருகியதும் அடுத்த கவலை, தண்ணீர். லாவெண்டர் வறட்சியைத் தாங்கும், ஈரக்காலைத் தாங்காது. வேர்களுக்கும் ஆக்சிஜன் தேவை. மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும், பூஞ்சை போன்ற கிருமிகள் புகுந்து அழுகல் தொடங்கும். சரிவான நிலத்தில் லாவெண்டரை நடுவது படம் எடுப்பதற்காக அல்ல, நீர் வடிவதற்காக. லாவெண்டருக்குச் சற்றுக் காரத்தன்மையுள்ள மண் பிடிக்கும். ஜப்பானில் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது, ஆகவே சுண்ணாம்புத்தூள் கலந்து சரிசெய்கிறார்கள்.

புதுச் செடிகளை நடுவதும் இந்தப் பருவத்தில்தான். விதை போட்டால் மலிவாயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். விதையிலிருந்து வரும் செடிகள் அண்ணன் தம்பிகள் மாதிரி. ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்று ஜூன் கடைசியில் பூக்கும், இன்னொன்று ஜூலை நடுவில் பூக்கும். வரிசை ஒரே நிறத்தில் அமையாது, எண்ணெயின் தரமும் மாறும். அதனால் நல்ல தாய்ச்செடியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குத் தண்டை வெட்டி, மணலில் வேர்விட வைத்து நடுகிறார்கள். அவை எல்லாம் ஒரே மரபணு கொண்ட நகல்கள். இதில் ஆபத்தும் உண்டு: ஒரு செடியைத் தாக்கும் நோய், வயலில் எல்லாச் செடிகளையும் அதே எளிமையுடன் தாக்கும்.

நட்ட முதல் ஆண்டு வரும் மொட்டுகளைக் கிள்ளிப்போட வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால் பூவுக்குப் போகும் சக்தியை வேருக்குத் திருப்பிவிட வேறு வழியில்லை. நல்ல விளைச்சலுக்கு மூன்றாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு மட்டுமே, வரவு இல்லை.

வெட்டுவதா, விட்டுவைப்பதா?

ஜூன் கடைசியில் முதல் ஊதா தெரியும், ஜூலை நடுவில் உச்சம். இப்போதுதான் சிக்கலே வருகிறது.

லாவெண்டரின் மணம் இதழில் இல்லை. பூவின் அடியில் குழல் போல இருக்கும் புல்லிவட்டத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பிகளில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு சேர்மங்கள்தான் அதில் முக்கியமானவை. கதிரில் பாதிப் பூக்கள் விரிந்து மூடும் தறுவாயில் எண்ணெய் நன்றாக இருக்கும். பனித்துளி காய்ந்த ஒரு வறண்ட நாளில் வெட்ட வேண்டும்.

ஆனால் அதே நாள்களில்தான் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்குகிறார்கள். வெட்டினால் எண்ணெய் கிடைக்கும், வயல் மொட்டையாகும். விட்டுவைத்தால் பயணிகள் மகிழ்வார்கள், மணம் காற்றோடு போகும். முன்னதாகப் பூப்பது, நடுவில் பூப்பது, தாமதமாகப் பூப்பது எனப் பல வகைகளை வரிசை மாற்றி நடுவது ஒரு தீர்வு. ஒன்றை வெட்டும்போது இன்னொன்று படத்துக்கு நிற்கும். ஓர் ஏக்கர்க்காரருக்கு இதுவும் எளிதல்ல. அவருடைய ஆண்டு வருமானம் முழுவதும் இந்தச் சில வாரங்களில் முடிவாகிறது.

வெட்டிய பூக்களை ஒரு பெரிய கலனில் அடைத்து, கீழிருந்து நீராவியைச் செலுத்துவார்கள். லினலூலின் கொதிநிலை சுமார் 198 பாகை. நீராவியோ 100 பாகைதான். பிறகு எப்படி எண்ணெய் ஆவியாகிறது? ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்து சூடாகும்போது, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆவி அழுத்தம் தரும். இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்தைத் தொட்டதும் கலவை கொதிக்கத் தொடங்கும். அதனால் எண்ணெயும் நீரும் 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே சேர்ந்து ஆவியாகிவிடும். அதிக வெப்பத்தில் கெட்டுப்போகும் மணம் இப்படித்தான் தப்பிக்கிறது. ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியே அனுப்பினால் மீண்டும் திரவமாகும். எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. மேலே மிதக்கும், பிரித்தெடுக்கலாம்.

100 கிலோ பூவிலிருந்து கிடைப்பது ஒரு கிலோ எண்ணெயை ஒட்டித்தான், பல நேரம் அதற்கும் குறைவு. இந்தக் கணக்குதான் ஃபுரானோவை ஒருமுறை வீழ்த்தியது. இந்த வட்டாரத்தின் விவசாயிகள் முதலில் லாவெண்டர் நட்டது சுற்றுலாவுக்காக அல்ல, வாசனைத் திரவிய நிறுவனங்களுக்கு எண்ணெய் விற்க. டொமிடா தடாவோ என்ற விவசாயி 1958இல் நக்கஃபுரானோவில் நடத் தொடங்கினார். 1970களில் ஆய்வுக்கூடத்தில் தயாரான செயற்கை மணப்பொருள்களும் மலிவான இறக்குமதி எண்ணெயும் சந்தைக்கு வந்தன. மூலக்கூறு ஒன்றுதான், விலை வேறு. உள்ளூர் எண்ணெயை வாங்க ஆளில்லை. ஒவ்வொரு விவசாயியாக லாவெண்டரை உழுதுவிட்டு வேறு பயிருக்கு மாறினர். டொமிடா மட்டும் இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

1976இல் ஜப்பானிய தேசிய ரயில்வேயின் நாள்காட்டியில் அவருடைய வயலின் படம் வெளியானது. படத்தைப் பார்த்தவர்கள் இடத்தைத் தேடி வரத் தொடங்கினர். எண்ணெயால் பிழைக்க முடியாத செடி காட்சியால் பிழைத்துக்கொண்டது. இன்று அந்தப் பண்ணைக்கு அருகே கோடைக்காலத்துக்கு மட்டும் இயங்கும் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. 1999இல் திறந்தார்கள், பெயர் ‘லாவெண்டர் வயல்’ நிலையம்.

கத்தரிக்கோல் காலம்

ஆகஸ்டில் கூட்டம் குறைந்ததும் கத்தரிக்கத் தொடங்கலாம். பச்சைத் தண்டுப் பகுதியை வெட்டினால் அதில் இருக்கும் மொட்டுகளிலிருந்து புதுக்கிளை வரும். கீழே பழுப்பாக, மரம்போல் இறுகிய பகுதிவரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் அங்கிருந்து எதுவும் துளிர்க்காது. செடி போய்விடும். ஆனால் பயந்துகொண்டு வெட்டாமலே விட்டாலும் அடிப்பகுதி முழுவதும் கட்டையாகி, நடுவில் பிளந்து சாயும். சில சென்டிமீட்டரில் இருக்கிறது வித்தியாசம். செடியை உருண்டையாக, கவிழ்த்த கிண்ணம் போல வெட்டுவது வழக்கம். பனிப்பாரம் நடுக்கிளைகளில் தங்காமல் எல்லாப் பக்கமும் பரவும். முன்பு சொன்ன ஏற்பாடு இதுதான்.

நம் வீட்டுத் தொட்டியில்?

பூச்சந்தையில் லாவெண்டர் தொட்டி வாங்கி, இரண்டு மாதத்தில் அது காய்ந்துபோனதால் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். ஃபுரானோவில் வளரும் வகை குளிர்காலத்தை அனுபவித்து, பிறகு நீண்ட பகலைக் கண்டால்தான் நன்றாகப் பூக்கும். ஜூன் மாதத்தில் அங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் அதிகம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. குளிர்காலமும் இல்லை. இரவிலும் வெப்பம் குறையாததால், பகலில் ஒளிச்சேர்க்கையில் சேமித்த சர்க்கரையைச் செடி இரவுச் சுவாசத்தில் செலவழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு மழையும் ஈரப்பதமும். டோக்கியோவிலேயே ஜூன் மாத மழைக்காலம் லாவெண்டருக்குத் தொல்லைதான். அந்த மழைக்காலம் ஹொக்கைடோவை அவ்வளவாக எட்டுவதில்லை.

கேமரன் மலையில் லாவெண்டர் தோட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இரவு குளிர்வதால் செடிக்கு அங்கே மூச்சுவிட முடிகிறது. வீட்டில் முயல விரும்பினால், இலை ஓரத்தில் பல்பல்லாக வெட்டிருக்கும் வகையைத் தேடி வாங்குங்கள். பூக்கக் கடுங்குளிரை அது கேட்பதில்லை. மண்ணில் பாதிக்குக் கரடுமுரடான மணல் கலந்து, மண்தொட்டியில் நட்டு, மழை படாத ஆனால் வெயில் படும் மாடத்தில் வையுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழம்வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.