அலங்காநல்லூர் கார் இந்த வருஷம் யாருக்கு?

ஜனவரி 15 அவனியாபுரம், 16 பாலமேடு, 17 அலங்காநல்லூர். 2026 பொங்கலுக்கு மதுரையின் டைம்டேபிள் இதுதான். ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்கள்ல ‘இந்தத் தடவை யாருப்பா ஃபர்ஸ்ட்?’ விவாதம் இப்பவே சூடாகிடுச்சு. வெளியூர்ல இருந்து முதல் தடவையா பார்க்கப் போறவங்களும், மொபைல்ல லைவ் பார்க்கப் போறவங்களும் யாரைக் கவனிக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டா ஆட்டம் வேற மாதிரி இருக்கும்.

முதல்ல கணக்கு. வாடிவாசலைத் தாண்டி வர்ற காளையின் திமிலை ஒரே ஒரு ஆள் பிடிச்சு, எல்லைக்கோடு வரைக்குமோ மூணு துள்ளல் வரைக்குமோ விடாம இருந்தா அது ‘பிடிமாடு’. ரெண்டு பேர் சேர்ந்து தொங்கினா செல்லாது. வாலையோ கொம்பையோ பிடிச்சா ஃபவுல். ஒரு சுற்றுக்குச் சுமார் ஐம்பது வீரர்கள், சுற்றுக்கு ஒரு கலர் டி-ஷர்ட். அந்தச் சுற்றில் அதிக மாடு பிடிச்சவங்க மட்டும் அடுத்த சுற்றுக்கு, கடைசியில் இறுதிச் சுற்றுக்குப் போவாங்க. அதனால காலையில ஒரு மாட்டை ஸ்டைலா பிடிச்சவர் சாயங்காலம் காணாமப் போயிடலாம். ஜெயிக்கிறவர் நாள் முழுக்க மூச்சு வாங்காம நிக்கிறவர்.

இப்போ ஃபேவரைட்ஸ். முதல் பெயர் பூவந்தி அபிசித்தர். சிவகங்கை மாவட்டத்துக்காரர். அலங்காநல்லூரில் 2023-ல் 26 காளைகள், 2025-ல் 20 காளைகள், ரெண்டு தடவையும் முதலிடம். நடுவில் 2024-ல் 17 பிடிச்சும் ஒரே ஒரு மாட்டில் காரைக் கோட்டைவிட்டார். அந்த ஒரு மாட்டைக் கூடுதலா பிடிச்சவர் கருப்பாயூரணி கார்த்தி, மொத்தம் 18. கார்த்தி 2022-லேயே 21 காளைகளோட அதே வாசலில் ஜெயிச்சவர். ஆக, கடந்த நாலு வருஷமா அலங்காநல்லூர் முதல் பரிசு இந்த ரெண்டு பேருக்குள்ளேயே சுத்திட்டு இருக்கு. என் கணிப்பு கேட்டா, கார்த்தி பக்கம்தான் லேசா சாய்வேன். இது அவரோட முறை மாதிரி தெரியுது.

பாலமேட்டுக்குப் பொதும்பு பிரபாகரன். 2020, 2022, 2024-னு முதலிடம் பிடிச்சிருக்கார். இரட்டைப்படை வருஷம் அவருக்கு ராசின்னு வச்சுக்கிட்டா 2026-ம் அதே கணக்குதான்! ஆனா பாலமேட்டை நம்ப முடியாது. 2024-லும் 2025-லும் அங்கே 14 மாடு பிடிச்சாலே முதலிடம். 2025-ல் அந்தப் பதினாலைப் பிடிச்சவர் நத்தம் பார்த்திபன்.

அவனியாபுரத்தில் 2023-ல் ஜெய்ஹிந்த்புரம் விஜய் பிடிச்ச 28 காளைகளை அதுக்கப்புறம் யாரும் நெருங்கலை. 2024-ல் அவனியாபுரம் கார்த்தி 17, 2025-ல் திருப்பரங்குன்றம் கார்த்தி 19. (மதுரையில் கார்த்தின்னு பேர் வச்சாலே மாடு பிடிபட்டுடும்போல. ஊர்ப் பேரைச் சேர்த்துச் சொல்லலைன்னா குழம்பிடுவீங்க.)

இதில் ஒரு சிக்கல் இருக்கு. 2025-ல் ஒரு வீரரோ ஒரு காளையோ மூணு ஊர்ல ஏதாவது ஒண்ணுலதான் களமிறங்கலாம்னு விதி இருந்தது. அதனால யார் எந்த ஊருக்கு டோக்கன் போடுறாங்கங்கிறதே பாதி ஆட்டம். ஜப்பானில் டிசம்பர் கடைசியில் நடக்கிற ‘அரிமா கினென்’ குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஓடணும்னு ரசிகர்களே ஓட்டுப் போடுவாங்க. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சரி, மாடு? அதுவும் போட்டியாளர்தானே. ஜோரா பாய்ஞ்சு ஓடிப்போற காளை தப்பிச்சுடும், உரிமையாளருக்குப் பரிசும் உண்டு. ஆனா சிறந்த காளைக்கான பேச்சில் வர்றது ‘நின்னு விளையாடுற’ காளை. வாசலைத் தாண்டி வந்து, திரும்பி, தேங்காய் நார் பறக்க ஒரு சுத்து சுத்தி, ‘வாடா பார்க்கலாம்’னு நிக்கும். வீரர்கள் தடுப்புக் கம்பியில் ஏறிடுவாங்க. 2025 அலங்காநல்லூரில் டிராக்டர் ஜெயிச்சது ‘பாகுபலி’ன்னு பேர் வச்ச சேலத்துக் காளை. சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகள் உடம்பில் சின்னதா இருந்தாலும் திரும்புற வேகத்துக்குப் பேர்போனவை. முதல்ல வர்ற கோயில் காளையை யாரும் பிடிக்க மாட்டாங்க, அது மரியாதை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கைதட்டுறவங்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியணும். 2023 பாலமேட்டில் 9 காளைகளைப் பிடிச்சு முன்னணியில் இருந்த ஒரு இளைஞர் அடுத்த மாடு முட்டி இறந்தார். 2025 அவனியாபுரத்திலும் ஒரு வீரர் உயிரிழந்தார். மருத்துவப் பரிசோதனை, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கு. ஆனாலும் நெஞ்சில் படுற ஒரு குத்து போதும். கார் ஒருத்தருக்குத்தான், மத்தவங்க மறுநாள் வழக்கமான வேலைக்குத்தான் போகணும். அதனாலதான் ஜெயிச்சவங்க காரைவிட அரசு வேலை வேணும்னு பல வருஷமா கேட்டுட்டு இருக்காங்க.

நேரில் போறதுன்னா விடியறதுக்கு முன்னாடியே கேலரிக்குப் போயிடுங்க. காளைகள் வெளியேறுற பக்கம் நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. வாசலில் பிடிபடாத மாடு அந்த வழியாத்தான் வரும், அதுக்கு உங்க ஃபோன் தெரியாது.