புயற்காலத்தில் குறுஞ்செய்தியின் உபயோகம்

புயல் வருங்காலத்தில் விவசாயிக்கு முதலில் வேண்டுவது தக்க சமயத்தில் கிடைக்கும் செய்தியாகும். மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டவும், களத்து நெல்லை அப்புறப்படுத்தவும், வீட்டாரைப் பத்திரமான இடத்தில் சேர்க்கவும் சில மணி நேரமாவது அவகாசம் வேண்டும். இவ்வவகாசத்தை அளிப்பதற்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி ஏற்ற சாதனம் என்பது ஒடிசா மாநிலத்தின் அனுபவத்தால் விளங்கும்.

1999-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி அம்மாநிலத்தைத் தாக்கிய பெரும் புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2019-ஆம் வருஷம் மே 3-ந் தேதி பூரி நகருக்கருகே கரை கடந்த ஃபானி புயலும் மிகக் கடுமையானதே. ஆயினும் ஒடிசாவில் இறந்தோர் தொகை நூற்றை எட்டவில்லை. புயலுக்கு முன்பே சுமார் 12 இலட்சம் ஜனங்கள் அப்புறப்படுத்தப்பட்டமையே இதற்குக் காரணம். புயற் காப்பகங்களும், தொண்டர்களும், அபாயச் சங்குகளும், சுமார் 26 இலட்சம் குறுஞ்செய்திகளும் சேர்ந்து இக்காரியத்தை நிறைவேற்றின.

பேச்சைவிடக் குறுஞ்செய்தி எளிதிற் செல்வது ஏன்? ஒருவர் பேசத் தொடங்கினால் முடிக்கும் வரை ஒரு வழி அவருக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அபாய காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச முற்படுவதால் கோபுரத்தின் வழிகள் யாவும் நிரம்பிவிடுகின்றன. குறுஞ்செய்திக்கோ மிகச் சிறிய இடமே போதும். பெறுபவரின் கைப்பேசி தொடர்பற்றிருந்தாலும், செய்தி நிலையம் அதனைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் அனுப்ப முயலும். அன்றியும், கைப்பேசியின் மின்கலமும் குறைவாகவே செலவாகும்.

செய்தியை எழுதுவதிற் சில விதிகளை அனுசரித்தல் நலம். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் அடங்கும். தமிழெழுத்தில் வழக்கமாக 70 குறிகளே அடங்கும். புள்ளி, கொம்பு முதலியனவும் தனித்தனியே எண்ணப்படும். அளவு மிஞ்சினால் செய்தி பகுதிகளாகப் பிரிந்து செல்லும். ஒரு பகுதி வாராதொழியின் கருத்துக் கெடும். ஆகவே இடம், ஆட்தொகை, நிலைமை, தேவை, நேரம் என்னும் ஐந்தையும் சுருங்கச் சொல்லுக. கிராம அதிகாரிக்கு அனுப்பும் செய்தி பின்வருமாறு இருக்கலாம்:

வடக்குத் தெரு, 12 பேர், வெள்ளம் இடுப்பளவு, படகு வேண்டும், காலை 6 மணி

இது 68 குறிகளில் அடங்குகிறது. வெளியூர்க்கு அனுப்பும்போது கிராமத்தின் பெயரையும் சேர்த்தல் வேண்டும். நேரத்தை ஒருபோதும் விடலாகாது. தாமதித்து வரும் செய்தியை அப்போதைய நிலைமையென்று எண்ணி, ஆளில்லாத தெருவுக்குப் படகு போய்ச் சேருதலும் கூடும்.

இச்சாதனத்தையே முற்றும் நம்பியிருத்தல் தகாது. ஃபானி புயலுக்குப் பின் பூரி, புவனேசுவரம் முதலிய இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்துபோயின. கோபுரம் நிற்கும்போதே செய்தி போய்ச் சேரவேண்டும். கைப்பேசியில்லாதவரும், படிக்க இயலாத முதியோரும், வயற்காட்டில் தங்கியிருக்கும் கூலியாட்களும் ஒவ்வொரு கிராமத்திலும் உளர். ஆகவே எச்சரிக்கை கிடைத்தவுடன் கிராம அதிகாரிகள் அதனை ஒலிபெருக்கியாலோ தண்டோராவாலோ ஊரறியச் செய்தல் அவசியம்.

மழைக்காலம் தொடங்குமுன்னரே தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பாளரை நியமித்து, அவர்களுடைய கைப்பேசி எண்களைக் காகிதத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். அனுப்பியவர் இன்னாரென்று தெரியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலும் இன்றியமையாதது. பொய்ச் செய்தியால் ஒருமுறை ஏமாந்த ஊர், மெய்யான எச்சரிக்கை வரும்போது அசையாதிருந்துவிடும்.