சுவைத்துப் பார்த்து விலை பேசுங்கள்!
ஜவ்வாது மலை உழவர்களுக்கு மூலிகைப் பானம் பற்றிச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஜமுனாமரத்தூர் அருகே ஒரு மலைக் கிராமத்திற்குப் பயிற்சி அளிக்கச் சென்றிருந்தேன். அப்போது மூலிகை வாங்க ஒரு வியாபாரியும் வந்திருந்தார். ஓர் அம்மாள் உலர்ந்த எலுமிச்சைப்புல்லை இரண்டு மூட்டைகளாகக் கட்டிக் கொண்டுவந்தார். வியாபாரி முதல் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். "புகை வாடை அடிக்கிறது, பாதி விலைதான்" என்றார். இரண்டாவது மூட்டையை அவர் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் பாதி விலைதான் என்றார்.

வியாபாரி சொன்னது உண்மையா, விலையைக் குறைக்கச் சொன்ன சாக்கா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அவர் அதைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்ததே இல்லை. அங்கேயே வெந்நீர் வைக்கச் சொல்லி, இரண்டு மூட்டைகளிலிருந்தும் தனித்தனியே எடுத்து ஊற வைத்துக் கொடுத்தேன். முதல் மூட்டையில் புகை வாடை இருந்தது உண்மைதான். அடுப்புக்கு மேலுள்ள பரணில் போட்டு உலர்த்தியது அது. இரண்டாவது மூட்டை தாழ்வாரத்து நிழலில் உலர்ந்தது. அதில் குறையே இல்லை. எலுமிச்சை மணம் கமகமவென்று வந்தது. வியாபாரியிடமும் ஒரு தம்ளர் நீட்டினோம். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது மூட்டைக்கு முழு விலையும் கொடுத்தார்.

தன் பொருளைத் தானே சுவைத்துப் பார்க்கும் உழவர் இரண்டு நன்மைகளை அடைகிறார். குறை இருந்தால் அதைத் திருத்திக் கொள்கிறார். குறை இல்லையென்றால் உரிய விலையைக் கேட்டு வாங்குகிறார். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொதிக்க வைத்த நீர், நான்கு தம்ளர்கள், ஒரு கரண்டி ஆகியவையே போதும்.

மலைக்கு ஏற்ற மூலிகைகள்

மலை என்றாலே தேயிலை என்று பலர் எண்ணுகின்றனர். தேயிலைச் செடிக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணும், ஆண்டின் பெரும்பகுதியும் பரவலான மழையும் வேண்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் இவை உள்ளன. ஜவ்வாது மலையில் தை முதல் வைகாசி வரை வறட்சி நீடிப்பதால், இங்கே தேயிலை பயிரிட முயல்வது பொருந்தாது. ஆனால் அந்த வறட்சியே மூலிகைகளை உலர்த்துவதற்கு நல்ல பருவமாக அமைகிறது. காவலூரில் வானாய்வுக் கூடம் அமைந்ததற்கு இம்மலையின் தெளிந்த வானமும் ஒரு காரணம். அந்தத் தெளிந்த வானம் மூலிகை உலர்த்துவோருக்கும் துணை நிற்கிறது.

சாமை பயிரிடும் நிலத்தின் வரப்புகளில் எலுமிச்சைப்புல்லை இரண்டடி இடைவெளியில் தூர் பிரித்து நடலாம். இதன் வேர்த்தொகுதி சரிவு நிலத்தில் மண் அரிப்பையும் தடுக்கும். நட்ட மூன்று மாதத்தில் முதல் அறுப்புக்கு வரும். அதன்பின் ஈரம் இருக்கும் காலத்தில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அறுக்கலாம். வீட்டுப் புறக்கடையில் துளசியும், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இஞ்சியும் வளர்க்கலாம். அடிவாரத்தில் ஆவாரம்பூ தானாகவே பூக்கிறது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்குவதைவிட, வரப்பிலும் கொல்லையிலும் வளர்த்து எடுப்பதே நிலையான வருமானம் தரும்.

இந்தச் செடிகளில் பூச்சிக்கொல்லி தெளிக்கவே கூடாது. கீரையைப் போல் அலசிச் சமைப்பதில்லை. இலையில் ஒட்டியுள்ள நஞ்சு வெந்நீரில் கரைந்து நேரே தம்ளருக்கு வந்துவிடும். இன்னொன்றையும் மறவாதீர்கள். பெயர் தெரியாத, ஐயமுள்ள இலை எதையும் பானத்தில் சேர்க்க வேண்டாம்.

உலர்த்தும் முறை

தம்ளரில் கிடைக்கும் சுவை உலர்த்தும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன், காலையில் அறுவடை செய்யவும். துளசியைப் பூங்கதிர் தோன்றத் தொடங்கும் பருவத்தில் கொய்வது நல்லது. அலசி, நீர் வடித்து, எலுமிச்சைப்புல்லை விரற்கடை அளவு துண்டுகளாக நறுக்கவும். தரையில் கொட்டாமல், மூங்கில் தட்டிலோ வலையிலோ மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தவும். நேர் வெயிலில் இலையின் பச்சை நிறம் வெளுக்கும். மணம் தரும் எண்ணெயும் ஆவியாகிப் போகும். சூரிய உலர்த்தியைப் பயன்படுத்துவோர் வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ளவும். இஞ்சி இதற்கு விலக்கு. மேல்தோலைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காய வைத்தே சுக்காக்க வேண்டும்.

இலையைக் கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். தண்டை வளைத்தால் மடியாமல் 'படக்' என்று ஒடிய வேண்டும். ஈரப்பதம் 10 சதவீதத்திற்கும் கீழே இருந்தால்தான் பூசணம் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை உலர்வது கடினம். அந்நாட்களில் அறுப்பைத் தள்ளிப் போடுவதே நலம்.

உலர்ந்த இலை பக்கத்தில் உள்ள வாடையை இழுத்துக் கொள்ளும். உரச்சாக்கில் கட்டினால் உரவாடை வரும். மண்ணெண்ணெய், மிளகாய், சோப்பு ஆகியவற்றின் அருகில் வைத்தாலும் இதே கதிதான். ஈரமில்லாத, மூடி இறுகிய தகர டப்பாவிலோ, உணவுப் பொருளுக்கு உரிய உறையிலோ அடைத்து, உலர்த்திய தேதியை எழுதி வைக்கவும்.

காய்ச்சும் முறை

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுவது நம் வழக்கம். இது தவறு. இலையும் பூவுமானால் ஊற வைக்க வேண்டும். வேரும் பட்டையும் காயுமானால் கொதிக்க வைக்க வேண்டும்.

எலுமிச்சைப்புல், துளசி ஆகியவற்றின் மணம் ஆவியாகக்கூடிய எண்ணெயில் உள்ளது. எலுமிச்சைப்புல்லின் மணத்திற்குச் சிட்ரால் என்ற பொருள் காரணம். துளசியின் மணத்தில் கிராம்பிலும் உள்ள யூஜினால் முக்கியமானது. திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் வீடெல்லாம் மணக்கும், தம்ளரில் மணம் இராது. ஆகவே நீர் கொதித்ததும் இறக்கி, இலையின் மேல் ஊற்றி, மூடி வைத்து, 5 முதல் 7 நிமிடம் கழித்து வடிகட்டவும். சுக்கு, நெல்லி வற்றல் போன்றவற்றை இடித்துப் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடவும். இரண்டையும் சேர்ப்பதானால் முதலில் சுக்கைக் கொதிக்க வைத்து, இறக்கிய பிறகு துளசியைப் போட்டு மூடவும்.

கிரீன் டீக்கு முறை வேறு. நீலகிரியில் பசுந்தேயிலை என்றால் பறித்த கொழுந்தைக் குறிக்கும். நாம் கூறுவது அதுவன்று. பறித்த கொழுந்தை உடனே ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றி, அதைக் கறுக்கச் செய்யும் நொதிகளை அடக்கி, சுருட்டி உலர்த்தியதே கிரீன் டீ ஆகும். இதில் கொதிக்கும் நீரை ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் மேலோங்கும். 75 முதல் 80 டிகிரி வெப்பமே போதும். வெப்பமானி இல்லாதவர்கள் கொதித்த நீரை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, சில நிமிடம் ஆற விட்டு ஊற்றலாம். 2 அல்லது 3 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதே இலையில் இரண்டாம் முறையும் நீர் ஊற்றிப் பருகலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. எனவே நம் மலையில் நீர் 97, 98 டிகிரியிலேயே கொதிக்கும்.

சுவைத்துப் பார்க்கும் முறை

குடிப்பதற்குக் காய்ச்சுவது வேறு. சோதிப்பதற்குக் காய்ச்சுவது வேறு. தேயிலையைச் சுவைத்துச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 3103 என்ற உலகத் தரமுறை 1980ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதன்படி 100 மில்லி லிட்டர் நீருக்கு 2 கிராம் தூள், கொதித்த நீர், 6 நிமிட ஊறல் எனக் கணக்கு. இது மிகச் சிறந்த பானம் தயாரிக்கும் முறையன்று. எல்லா மாதிரிகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதற்கான முறை. இந்த அளவையே நாம் மூலிகைக்கும் கையாளலாம். தராசு இல்லாவிட்டாலும், எல்லா மாதிரிக்கும் ஒரே கரண்டி, ஒரே தம்ளர், ஒரே நேரம் என்று வைத்துக் கொண்டால் ஒப்பிட முடியும்.

சோதிக்குமுன் வெற்றிலை, புகையிலை, காரமான உணவு ஆகியவற்றைத் தவிர்க்கவும். உலர்ந்த இலையின் நிறத்தைப் பார்த்து முகரவும். வெந்நீர் ஊற்றி, மூடி, 6 நிமிடம் கழித்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வடிக்கவும். வடித்த ஈர இலையை மறுபடியும் முகரவும். மறைந்திருந்த குறை பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும். சற்று ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து, 'சர்' என்று ஓசை வரும்படி காற்றோடு உறிஞ்சி, நாவில் படர விட்டுத் துப்பவும். ஓசை எழுப்புவது அநாகரிகம் என்று கூச வேண்டாம். தேயிலை வணிகத்தில் சுவைஞர்கள் இப்படித்தான் செய்கின்றனர். காற்றோடு கலக்கும்போது மணம் மூக்கை எட்டும்.

புகை வாடை இருந்தால் அடுப்படியில் உலர்த்தியது. வைக்கோல் வாடை இருந்தால் கடும் வெயிலில் காய்ந்தது, அல்லது பழையது. மக்கிய வாடை இருந்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்தது. அதை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. மணமே இல்லையென்றால் முற்றிய இலை, அல்லது திறந்து கிடந்த இலை. ஒவ்வொரு முறையும் இவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த அறுப்பில் எதைத் திருத்த வேண்டும் என்பது தானே விளங்கும்.

கிரீன் டீயுடன் சேர்த்தல்

வாடையை இழுக்கும் குணம் ஒரு வகையில் நன்மையும் ஆகும். சீனாவில் கிரீன் டீயுடன் மல்லிகை மொட்டுகளைக் கலந்து வைத்து, இரவில் அவை மலரும்போது எழும் மணத்தை இலையில் ஏற்றுகின்றனர். அந்த மல்லிகை நம் குண்டுமல்லி இனமே ஆகும். நீலகிரிக் கிரீன் டீயை வாங்கி, 10 பங்குக்கு 1 அல்லது 2 பங்கு உலர்ந்த எலுமிச்சைப்புல் சேர்த்து, சிறு அளவில் சோதித்துப் பார்க்கலாம். மகளிர் குழுக்கள் மூன்று, நான்கு விகிதங்களில் கலந்து, எது என்று சொல்லாமல் பலருக்கும் கொடுத்து, பெரும்பாலோர் விரும்பியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. செயற்கை வாசனை எண்ணெய் சேர்க்க வேண்டாம்.

பெயரிலும் விளம்பரத்திலும் கவனம்

தேயிலைச் செடியிலிருந்து கிடைக்கும் பொருளையே 'டீ' என்று பெயரிட்டு விற்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகவே தனித் துளசியையோ எலுமிச்சைப்புல்லையோ அடைத்து 'மூலிகை டீ' என்று அச்சிடாதீர்கள். 'துளசி மூலிகைப் பானம்' என்று எழுதலாம். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்பன போன்ற விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. ஆவாரம்பூ விற்போர் இதில் மிகவும் கவனமாக இருத்தல் வேண்டும். நோய்க்கு மருந்து உண்போரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்ட பிறகே மூலிகைப் பானங்களை வழக்கமாகப் பருக வேண்டும். விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ளவும்.

வரவு செலவுக் கணக்கு

100 கிலோ துளசி இலையில் 80 கிலோ நீர் என்று வைத்துக் கொள்வோம். 8 சதவீத ஈரப்பதத்திற்கு உலர்த்தினால் ஏறத்தாழ 22 கிலோ கிடைக்கும். அதாவது நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ உலர்ந்த இலை. எனவே பச்சை இலையின் விலையைப் போல் ஐந்து மடங்கு உலர்ந்த இலைக்குக் கிடைத்தால்கூட, கூலியும் உறைச் செலவும் போக மிச்சம் சொற்பமே. அதற்கும் மேல் விலை வர வேண்டுமானால் தரம் வேண்டும். தரம் இருக்கிறது என்று சொல்ல உங்கள் நாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் தை மாதத்தில் உலர்த்தத் தொடங்கும்போது, முதல் தட்டு இலையை மூட்டையில் கட்டுமுன் ஒரு தம்ளர் ஊற வைத்துக் குடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு தம்ளர் கொடுங்கள். விலை பேசுவது அதற்குப் பின்னர் இருக்கட்டும்.