பாப்பா எங்க தூங்கணும்? பைபிள் சொல்றதும் சொல்லாததும்

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க செல் குரூப்ல இருக்கிற ஒரு அக்கா. நாலு மாசப் பாப்பா இருக்கு. ஜெபம் முடிஞ்சு டீ குடிச்சிட்டு இருக்கும்போது மெதுவாக் கேட்டாங்க: "பாப்பாவை எங்க பக்கத்துலதான் படுக்க வைக்கிறோம். அது கர்த்தருக்குப் பிரியம் இல்லாத விஷயமா?"

விசாரிச்சா, அமெரிக்காவில் இருக்கிற நாத்தனார் ஒரு புத்தகம் அனுப்பியிருக்காங்க. மணி பார்த்துப் பால் கொடு, தனியாப் படுக்க வை, இல்லன்னா பிள்ளை வீட்டையே ஆட்டி வைக்கும் என்கிற ரகம். இன்னொரு பக்கம் இன்ஸ்டாகிராம்ல கிறிஸ்தவ ஜென்டில் பேரன்டிங் பக்கங்கள். அங்கே, குழந்தையை அழ விடுறவங்களுக்கு அன்பே இல்லை. ரெண்டு தரப்பு கையிலயும் பைபிள். அக்காவுக்குத் தூக்கம் போனதுக்குப் பாப்பா மட்டும் காரணம் இல்ல.

நம்ம வீடுகள்ல கோ-ஸ்லீப்பிங்குக்குப் பேரே கிடையாது. பாய் விரிச்சா எல்லாரும் வரிசையாப் படுப்போம், பகல்ல தூளி, அவ்வளவுதான். அதுக்கு ஒரு பேரும், ஆதரவு எதிர்ப்புன்னு ரெண்டு கட்சியும் வந்தது அமெரிக்காவில் இருந்து. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா அக்காவோட பாரம் பாதி குறையும்னு நினைக்கிறேன்.

1993-ஐ எடுத்துக்கோங்க. அந்த வருஷம் 'ஆன் பிகமிங் பேபிவைஸ்' வந்தது. எழுதினவர்கள் கேரி எஸ்ஸோ, ராபர்ட் பக்னம். எஸ்ஸோ கலிபோர்னியாவில் கிரேஸ் கம்யூனிட்டி சர்ச்சில் ஊழியராக இருந்தவர். மனைவி ஆன் மேரியோட சேர்ந்து சபையில் பெற்றோர்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பு வளர்ந்து, பைபிள் வசனங்களைக் கழிச்சிட்டு, பொதுவான புத்தகமா வெளியே வந்ததுதான் பேபிவைஸ். பால், விழிப்பு, தூக்கம் என்று ஒரு வரிசை. அந்த வரிசையைப் பெற்றோர்தான் நடத்தணும், குழந்தை இல்ல. குடும்பத்தோட மையம் கணவன் மனைவி உறவு, குழந்தை அதுக்குள்ள வந்து சேர்கிற ஆள். ஒரே படுக்கை என்கிற யோசனை இதுக்கு ஒத்து வராது.

அதே 1993-ல்தான் 'தி பேபி புக்' வந்தது. எழுதினவர்கள் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸும் அவர் மனைவி, நர்ஸான மார்த்தா சியர்ஸும். எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவங்க. அட்டாச்மென்ட் பேரன்டிங் என்ற சொல்லைப் பிரபலமாக்கினது இவங்கதான்: கேட்கும்போது பால் கொடு, உடம்போட தூக்கிச் சும, ராத்திரி பக்கத்துல வச்சுக்கோ. இவங்களும் கிறிஸ்தவர்கள். 1985-லயே சியர்ஸ் கிறிஸ்தவப் பெற்றோருக்குன்னு தனிப் புத்தகம் எழுதியிருந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் இருக்கிற இந்த நெருக்கம் கடவுள் படைச்சபடியே இருக்கிற ஒன்று என்பது அவர் வாதம்.

என் தொழில் பாஷையில் சொன்னா, ரெண்டு டீம் ஒரே ரெக்வயர்மென்ட் டாக்குமென்டைப் படிச்சிட்டு, நேர் எதிரான ரெண்டு சாஃப்ட்வேர் எழுதியிருக்காங்க. அப்போ சந்தேகப்பட வேண்டியது என்னன்னா, அந்த டாக்குமென்ட்ல இந்த விஷயம் குறிப்பிடப்பட்டிருக்கா என்பதைத்தான்.

இங்கே நான் நடுநிலை வேஷம் போடப் போறதில்ல. நேரக் கணக்குப் பால் விஷயத்தில் ஆபத்து நிஜமானது. 1997-ல் கிரேஸ் கம்யூனிட்டி சர்ச்சே எஸ்ஸோ போதனைகளில் இருந்து விலகி அறிக்கை விட்டது. 1998-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியோட செய்தி இதழில், எடை ஏறாத குழந்தைகள், உடம்பில் நீர் வற்றிய குழந்தைகளைச் சுட்டி ஒரு மருத்துவர் இந்தப் புத்தகத்தைப் பற்றி எச்சரித்தார். பசியில் அழுற கைக்குழந்தை யாரையும் ஆட்டி வைக்கலை. அதுக்குத் தெரிஞ்ச ஒரே மொழி அழுகை.

சரி, பைபிள்ல படுக்கை எங்கே வருதுன்னு தேடினேன். லூக்கா 11-ல் இயேசு ஒரு கதை சொல்றார். நடுராத்திரியில் நண்பன் வந்து ரொட்டி கேட்கிறான். உள்ளே இருக்கிறவர், கதவு பூட்டியாச்சு, பிள்ளைகளோட படுத்தாச்சுன்னு பதில் சொல்றார். இது போதனை இல்ல, பின்னணி. கலிலேயாவில் எளிய வீடு ஒரே அறை. கேட்டுக்கிட்டு இருந்தவங்க யாருக்கும் அதுல வியப்பு இருந்திருக்காது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதுக்குச் சொன்ன கதையிலும் ஏழையோட ஆட்டுக்குட்டி மகளைப் போல அவன் மடியில் தூங்குது.

ஆனா ஜென்டில் பேரன்டிங் பக்கங்கள் இதோட நிறுத்திடுறாங்க. 1 இராஜாக்கள் 3-க்குப் போங்க. சாலொமோன் முன்னாடி ரெண்டு தாய்மார் ஒரு குழந்தைக்காக நிற்கிற கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கு எப்படி ஆரம்பிச்சது? ஒருத்தி தூக்கத்தில் தன் குழந்தை மேலேயே புரண்டு படுத்து, அது இறந்து போச்சு. கூடப் படுக்கிறது பைபிள்ல சகஜம், அதோட ஆபத்தும் அங்கேயே பதிவாகி இருக்கு.

சபைகளும் இதை அறிஞ்சிருந்தது. 1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியோட இதழில் ஒரு படம் வந்தது: இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பயன்பட்ட 'ஆர்குச்சோ'. குழந்தைக்கு மேல வளைவா நிற்கிற ஒரு மரச் சட்டம். தாதி புரண்டாலும் பிள்ளை மேல பாரம் விழாது. பால் கொடுக்க வசதியா பக்கத்துல ஒரு வெட்டு. அங்கே தாதிகள் இதுக்குள்ளதான் குழந்தையைப் படுக்க வைக்கணும், மீறினா சபையை விட்டே விலக்கம் என்று அந்தக் குறிப்பு சொல்லுது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. அம்மாவையும் பிள்ளையையும் பிரிக்காம, உட்கார்ந்து ஒரு தீர்வை டிசைன் பண்ணியிருக்காங்க.

இன்றைய மருத்துவ ஆலோசனையும் கிட்டத்தட்ட அதே திசைதான். அமெரிக்க அகாடமியோட 2022 வழிகாட்டுதல்: குறைஞ்சது முதல் 6 மாசம் ஒரே அறை, ஆனா தனிப் படுக்கை. மல்லாக்கப் படுக்க வைக்கணும், கெட்டியான தளம், தலையணை போர்வை வேண்டாம். நாட்ரடாம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கென்னா தாய்மாரையும் குழந்தைகளையும் ஆய்வுக்கூடத்தில் தூங்க வச்சுப் பார்த்தார். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை பக்கத்துல படுத்தா அடிக்கடி குடிக்குது, ரெண்டு பேரும் ஒருத்தர் அசைவுக்கு ஒருத்தர் விழிக்கிறாங்க. அகாடமிக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனா எப்போ கூடவே கூடாது என்பதில் பெரிய சண்டை இல்ல: வீட்டுல யாராவது புகை பிடிச்சா, குடிச்சிருந்தா, தூக்கம் வரவைக்கிற மருந்து எடுத்திருந்தா, குழந்தை குறைமாசத்தில் பிறந்திருந்தா, அப்புறம் சோபா. ராத்திரி 3 மணிக்கு சோபாவில் பால் கொடுத்தபடியே கண் அசந்துடுறது கட்டிலை விட மோசம்.

இன்னொன்று. "நாங்க எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்கிற பாட்டி, தரையில் கோரைப்பாயில் படுத்தவங்க. நம்ம பிளாட்ல இருக்கிறது அமுங்கிப் போகிற ஃபோம் மெத்தை, ஏசிக்கு ஏத்த கனமான கம்பளி. பழக்கம் பழசு, படுக்கை புதுசு.

இனி பகல் பிரச்சனை: பிரம்பு. "அடியாத மாடு படியாது" பைபிள் வசனம்னு நிஜமாவே நம்புறவங்க உண்டு. அது நம்ம ஊர்ப் பழமொழி. நீதிமொழிகள்ல வர்ற எபிரெயச் சொல் 'ஷேபெத்'. அந்த ஒரே சொல் தமிழ் பைபிளில் நீதிமொழிகள் 13-ல் பிரம்பு, சங்கீதம் 23-ல் கோல், ஆதியாகமம் 49-ல் செங்கோல். இதை வச்சு, மேய்ப்பன் கோலால ஆட்டை அடிக்கவே மாட்டான், அதனால வசனம் அடியைப் பற்றியதே இல்லன்னு சிலர் முடிச்சிடுறாங்க. அது எனக்கு ஒப்பல. நீதிமொழிகள் 23 அடியைப் பற்றித்தான் பேசுது. ஆனா அந்தப் புத்தகம் கட்டளைத் தொகுப்பு இல்ல, ஞான வாக்கு. அதே புத்தகம் மூடனோட முதுகுக்கும் பிரம்பைச் சொல்லுது. அதுக்காக ஆபீஸ்ல யாரும் பிரம்பு எடுத்துட்டுப் போறதில்ல.

எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது பவுல் எழுதினது. ரோமச் சட்டத்தில் பிள்ளைகள் மேல தகப்பனுக்கு இருந்த அதிகாரம் ரொம்பப் பெரிசு. அந்த உலகத்தில் இருந்துக்கிட்டு, எபேசியர் 6-லயும் கொலோசெயர் 3-லயும் அவர் தகப்பன்களைத் தனியாக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீங்க, அவங்க மனசு உடைஞ்சு போகும்னு சொல்றார். ஜென்டில் பேரன்டிங்னா பிள்ளை கேட்டதெல்லாம் கொடுக்கிறது இல்ல. ரெண்டு வயசுப் பையன் சாப்பாட்டுத் தட்டை வீசினா, தட்டை எடுத்துடலாம், கோபம்னா வாயால சொல்லுன்னு சொல்லலாம், தரையை அவன் கையாலயே துடைக்க வைக்கலாம். நாளைக்கும் வீசுவான். நாளைக்கும் அதையேதான் செய்யணும். இதுல கத்துறதை விட ரொம்ப அதிகமா வேலை இருக்கு, அதுவும் ராத்திரி மூணு தடவை எழுந்த அப்பா அம்மாவுக்கு.

அதனால ராத்திரி எழுந்திருக்கிற அந்த மூணு தடவையில் அப்பா எத்தனை தடவை எழுந்தார்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம். கணவர்களை வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்க.