முதல் மூன்று மணித்தியாலங்கள்

சென்ற பெருநாளுக்கு உடுப்பு எடுக்கப் போன இடத்தில் என் தம்பியைக் காணவில்லை. நாற்பது நிமிடங்கள் தேடினோம். "பதறாதீங்க ராத்தா, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, தானா வந்திடுவான்" என்று கடைக்காரர் ஒருவர் உம்மாவைத் தேற்றினார். தம்பி பக்கத்துக் கடையில் துணிக்கட்டுகளுக்கிடையே உறங்கிக்கொண்டிருந்தான். ஆனால் அந்தப் "பொறுத்துப் பாருங்க" என் மனதில் தங்கிவிட்டது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பொலிஸ் நிலையங்கள் பல, பிள்ளையைத் தொலைத்த பெற்றோரிடம் இதையே சொல்லி வந்தன எனப் பின்னர் வாசித்தேன்.

அங்கே எப்.பி.ஐ. நிறுவனம் 1967இல் தேசிய குற்றத் தகவல் நிலையம் என்ற கணினித் தரவுத்தளத்தை ஆரம்பித்தது. ஒரு மாநிலத்தில் களவுபோன காரின் இலக்கத்தை மற்றொரு மாநிலப் பொலிஸ்காரர் அதில் தேடி அறியலாம். காணாமற்போன மனிதருக்கான பகுதியோ 1975இல்தான் சேர்ந்தது. (கார் முந்திக்கொண்டது!) அதன் பின்னரும் பிள்ளைகளின் விபரம் ஒழுங்காகப் பதியப்படவில்லை. 1981இல் புளோரிடாவின் கடைத்தொகுதி ஒன்றிலிருந்து ஆறு வயது அடம் வோல்ஷ் கடத்திக் கொல்லப்பட்டான். அவனது பெற்றோர் விடாது போராடினர். 1982இல் காணாமற்போன சிறுவர் சட்டம் வந்தது. காத்திருக்கச் சொல்லும் வழக்கத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அடமின் பெயரிலேயே அமைந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், முறைப்பாடு கிடைத்து 2 மணித்தியாலங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றது.

ஏன் இத்தனை அவசரம்? வொஷிங்டன் மாநில சட்டமா அதிபர் அலுவலகத்தின் ஆய்வின்படி, கடத்திக் கொல்லப்பட்ட பிள்ளைகளில் 76 சதவீதத்தினர் 3 மணித்தியாலங்களுக்குள் உயிரிழந்திருந்தனர். இது கடத்தப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பற்றிய கணக்கல்ல. ஆனாலும் அந்த எண்ணைக் கண்டதும் எங்கள் நாற்பது நிமிடங்கள் நினைவுக்கு வந்தன.

பதிவில் பெயரும் வயதும் மாத்திரம் இருப்பதில்லை. உயரம், கண்ணின் நிறம், தழும்பு, அணிந்திருந்த உடை, சந்தேக நபரின் வாகன இலக்கம் ஆகியவையும் சேர்க்கப்படும். எங்கோ தொலைவில், வேகமாய்ப் போன வாகனமொன்றைப் பொலிஸார் மறித்து அதன் இலக்கத்தைச் சரிபார்த்தாற்கூடப் போதும், உடனே எச்சரிக்கை வந்துவிடும். வீதியோரக் கமராக்கள் சிலவும் இலக்கத்தகடுகளைத் தாமாகவே வாசித்து ஒப்பிடுகின்றன.

1996இல் டெக்சாஸில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த ஒன்பது வயது அம்பர் ஹேகர்மன் கடத்திக் கொல்லப்பட்டாள். அதன்பின் பொலிஸாரும் வானொலி நிலையங்களும் சேர்ந்து அவள் பெயரில் ஓர் அவசர அறிவிப்பு முறையை ஏற்படுத்தினர். 2013 முதல் அது கையடக்கத் தொலைபேசிகளுக்கும் நேரே வருகிறது. அம்பரைத் தூக்கிச் சென்ற கறுப்பு வாகனத்தை அயலவர் ஒருவர் கண்டிருந்தார், இலக்கம் கிடைக்கவில்லை. தேடுவதற்கு ஓர் இலக்கம் இல்லாதபோது எத்தனை பெரிய தரவுத்தளமும் ஊமைதான்.

இப்போது கடைத்தெருவுக்குப் புறப்படுமுன் தம்பியை ஒரு படம் எடுத்து வைக்கிறேன். அன்று அவன் போட்டிருந்த சேர்ட் நீலமா பச்சையா என்று உம்மாவுக்கும் எனக்கும் இன்னும் தகராறு.