எமெராந்த் அம்மையாரும் தாய் முழவும்

வூடூ நடனம் என்பது பொம்மையில் ஊசி குத்தும் பில்லி சூனியத்தைச் சேர்ந்ததுதானா என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். சினிமாக்காரர்கள் உலகெங்கும் பரப்பிவிட்ட அந்த அவதூறுக்கு மறுமொழியாக, ஹைட்டி நாட்டின் பாடகியும் நர்த்தகியுமான எமெராந்த் தெ பிராதீன் அம்மையாரைப் பற்றியே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அம்மையார், ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்த 1918-ஆம் ஆண்டிலே, போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தில் பிறந்தவர். தந்தையார் ஓகுஸ்த் தெ பிராதீன், காந்ஜோ என்ற பெயரில் பிரசித்தி பெற்ற பாட்டுக்காரர். படித்தவர்கள் பிரெஞ்சு பேசுவதையே கௌரவமாகக் கருதிய சமூகத்தில், பாமர ஜனங்களின் கிரெயோல் மொழியிலே பாட்டுக் கட்டிப் பாடியவர். அவருடைய மகளுக்குப் பாட்டு வந்தது ஆச்சரியமன்று. எந்தப் பாட்டை அவர் எடுத்துக்கொண்டார் என்பதே ஆச்சரியம். குடியானவர்கள் தங்கள் தெய்வங்களை வரவழைக்கப் பாடும் வூடூப் பாட்டுகளை, நகரத்துப் பெயர் பெற்ற குடும்பத்துப் பெண் ஒருத்தி மேடையேறிப் பாடுவது அந்நாளில் சாமானியமான காரியமா? 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வூடூச் சடங்குகளைக் குற்றமாக்கியிருந்தது; 1941, 1942-ஆம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை, அரசாங்கத்தின் ஆதரவோடு, முழவுகளைக் கொளுத்தியும் தெய்வம் உறையும் மரங்களை வெட்டிச் சாய்த்தும் பெரும் துவம்சம் செய்தது. ஆயினும் அச்சட்டம் குடியானவரின் ஆட்டபாட்டத்துக்கு விலக்களித்திருந்தமையால், அந்த இடுக்கின் வழியாகவே கோயிற்பாட்டு மேடைக்கு வந்து சேர்ந்தது.

பின்னாளில் அம்மையார் நியூயார்க்கில் மார்த்தா கிரஹாமிடம் நவீன நடனம் பயின்றார், இசைத்தட்டுகளில் பாடினார், சரித்திராசிரியர் ரிச்சர்ட் மோர்ஸை மணந்து வாழ்ந்து, 2018-இல் 99 வயதில் மறைந்தார். இவ்விவரங்களைவிட என் மனத்தைப் பிடித்துக்கொண்டது, அவர் பயின்ற கலையின் உள்ளமைப்பேயாகும்.

யன்வலூ என்னும் ஆட்டத்தைப் பாருங்கள். தம்பாலா என்கிற சர்ப்ப தெய்வத்துக்கு உகந்த அந்த ஆட்டத்தில், முழங்கால் தளர்ந்து சரீரம் முன்சாய, இடுப்பிலே பிறக்கும் நெளிவு முதுகெலும்பின் கணுக்கணுவாக ஏறிக் கழுத்தில் சென்று அடங்குகிறது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தாம்புக்கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் அலையொன்று மறுநுனி வரை ஓடுமே, அதைத்தான் அது எனக்கு நினைவூட்டுகிறது. பின்னணியில் ஓகன் என்னும் இரும்பு மணி காலம் காட்ட, பூலா என்னும் சிறுமுழவு இரண்டு குச்சிகளால் மாறாத ஒரே நடையை வாசிக்க, செகோன் என்னும் இடைமுழவு அதனோடு வாதாட, தாய் என்னும் பொருளுடைய மன்மன் எல்லாவற்றுக்கும் மேலே நின்று பேசுகிறது.

இந்தத் தாய்தான் திடீரென்று, நெடுநேரமாக ஓடிவந்த தாளத்தை எதிர்த்து அடித்து முறித்துவிடுகிறாள். கஸே என்று அவர்கள் சொல்லும் அம்முறிவிலே, இதமாய் நெளிந்துகொண்டிருந்த முதுகு வெடுக்கென்று குலுங்குகிறது, கால்கள் தடுமாறுகின்றன, தெய்வம் ஆடுபவர் மேல் இறங்குவதும் பெரும்பாலும் இத்தருணத்திலேதான் என்கிறார்கள். மற்ற முழவுகளோ சற்றும் கலங்காமல் தம் நடையைக் காத்துக்கொண்டிருக்கும்; அவை கலங்கினால் முறிவு முறிவாகவே தெரியாது. சிறிது பொழுதில் தாய் பழைய நடைக்குத் திரும்ப, முதுகும் தன் அலைக்குத் திரும்புகிறது.

உல்லாசப் பிரயாணிகளுக்கென நடத்தப்பட்ட காட்சிகளிலும் திகில் படங்களிலும் இக்குலுக்கலை மாத்திரம் கத்தரித்தெடுத்து, வெறியாட்டம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அதற்கு முன்னே செல்லும் நீண்ட பொறுமையைக் காட்டாமல் முறிவை மட்டும் காட்டுவது, அக்கலைக்கு இழைக்கும் அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரு ஜாதியாரின் வழிபாட்டை வேடிக்கையாக்குவதும், வேடிக்கையாகப் பழகியதைக் கண்டு பயப்படுவதும் பெரிய மனிதத்தன்மையன்று. ஹைட்டி அரசாங்கமே வூடூவைச் சமயமென்று அங்கீகரித்தது 2003-ஆம் ஆண்டிலேதான் என்றால், அறுபதாண்டுகளுக்கு முன்பே அம்மையார் காட்டிய துணிவு எத்தகையது!

அவருடைய மைந்தர் ரிச்சர்ட் மோர்ஸ் நடத்தும் ராம் என்ற குழுவில், கிதார்களின் நடுவே இத்தாளங்களைக் கேட்கலாம். எனினும் கேள்வி கேட்ட வாசகி முதலில் அம்மையாரின் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம். குரலைச் சற்று மறந்து, முதலில் அந்தச் சிறிய பூலாவைக் காதால் பிடித்துக்கொண்டு விட்டால், மற்றவை தாமே வந்து சேரும்.